புது லேப்டாப்பில் நெட் சுற்றுகிறதா? கடைக்கு வரும் கேள்விகளும் பதில்களும்

நீடாமங்கலத்தில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஜூன் மாதம் ஆற்றில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, கல்லூரி திறந்ததும் கடைக்குப் புது லேப்டாப்புகள் வந்துவிடும். மூடியில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக்கூட உரிக்காமல் கொண்டுவந்து மேஜையில் வைத்து, “அண்ணே, நெட் சுத்திக்கிட்டே இருக்கு” என்பார்கள். திறந்து பார்த்தால் பெரும்பாலும் லேப்டாப்பில் ஒரு குறையும் இருக்காது. கொரடாச்சேரியிலிருந்தும் வலங்கைமானிலிருந்தும் பஸ் ஏறி வந்து, ஒரே ஒரு டிக்கை எடுத்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கே சங்கடமாக இருக்கிறது. அதனால் திரும்பத் திரும்பக் கேட்பதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். விண்டோஸ் 11 இருக்கும் லேப்டாப்பை மனதில் வைத்து எழுதியது.

போனில் நன்றாக ஓடுகிறது, லேப்டாப்பில் மட்டும் சுற்றுகிறது. அப்படியானால் லேப்டாப்தானே கோளாறு?

முதலில் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். வைஃபை பலவீனமானால் பல போன்கள் சத்தமில்லாமல் சிம் கார்டுக்குத் தாவிவிடும். நீங்கள் வைஃபையில் படம் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உண்மையில் ஓடுவது ரீசார்ஜ் செய்த டேட்டா. லேப்டாப்பில் சிம் இல்லை, தாவ இடமும் இல்லை. அது பாவம், கிடைத்த வைஃபையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. டேட்டாவை அணைத்தபின் போனும் சுற்றினால் லேப்டாப்பைத் திட்டுவதை அத்துடன் விட்டுவிடலாம்.

அப்புறம், இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். போன் திண்ணையில், லேப்டாப் மாடி அறையில் என்றால் அது கணக்கில் சேராது.

எங்கே அடைக்கிறது என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நம் ஊரில் யாரும் முதலில் வயலைத் தோண்டிப் பார்ப்பதில்லை. கல்லணையில் திறந்தாயிற்றா, வெண்ணாற்றில் வருகிறதா, வாய்க்கால் மதகு திறந்திருக்கிறதா என்று மேலிருந்து கீழே விசாரித்துக்கொண்டு வருவோம். நெட்டும் அப்படித்தான். இணைப்புக்காரரிடமிருந்து வீட்டுக்கு வரும் ஃபைபர் ஒயர், வீட்டில் உள்ள பெட்டி (ரவுட்டர்), பெட்டியிலிருந்து லேப்டாப் வரை காற்றில் வரும் வைஃபை, கடைசியாக லேப்டாப். உங்கள் லேப்டாப் கடைமடை.

செய்ய வேண்டியது இதுதான். லேன் ஒயர் ஒன்று இருந்தால் பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு நேரடியாகச் செருகி வேகம் பாருங்கள். ஒயரில் சரியாக இருந்து வைஃபையில் மட்டும் குறைந்தால் அடைப்பு வீட்டுக்குள். ஒயரிலும் குறைவு என்றால் பெரும்பாலும் வெளியே. மெல்லிய புது லேப்டாப்புகள் பலவற்றில் லேன் துளையே இருப்பதில்லை என்பதால், யூஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டரை நண்பரிடம் ஒரு நாள் இரவல் கேளுங்கள்.

ஒயர் கிடைக்கவில்லையா, சரி, பிங் போட்டுப் பாருங்கள். ஒரு முகவரிக்குக் குரல் கொடுத்து, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பதுதான் பிங். ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்று தேடித் திறந்து, பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டுப் பெட்டியின் முகவரியைக் கொடுங்கள். பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டிலேயே இருக்கும், 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பதுபோல. பதில் நான்கு வரி வரும். ஒவ்வொன்றிலும் 2, 3, 5 மில்லிசெகண்டு என்று இருந்தால் வீட்டுக்குள் வைஃபை நன்றாக இருக்கிறது. ஒரு வரியில் 4, அடுத்த வரியில் 380, அதற்கடுத்து ‘டைம்டு அவுட்’ என்று வந்தால் காற்றிலேயே தடுமாறுகிறது. வீட்டுப் பெட்டிக்கு ஒழுங்காகப் பதில் வந்து, வெளியே 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கு மட்டும் தாறுமாறாக வந்தால் இணைப்புக்காரரைக் கூப்பிட வேண்டியதுதான்.

வேக சோதனையில் 80 காட்டுகிறது, வீடியோ காலில் மட்டும் முகம் உறைந்துபோகிறது என்பவர்களுக்கும் இந்த பிங்தான் காரணத்தைக் காட்டும். எங்கள் ஊர் ரயில்வே கேட்டில் காத்திருந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். வேகம் ரோட்டின் அகலம் மாதிரி, பிங் காட்டுவது வழியில் நிற்கும் நேரம். ரோடு அகலம்தான். கேட் போட்டால் அகலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

100 எம்பி திட்டம் போட்டிருக்கிறேன். ஃபைல் இறங்கும்போது 11, 12தான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. திட்டத்தில் சொல்வது மெகாபிட், இறங்கும்போது காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. உங்களுக்கு முழுசாகவே வருகிறது.

வைஃபை பட்டியலில் எங்கள் வீட்டுப் பெயரே இரண்டு முறை இருக்கிறது. ஒன்றின் கடைசியில் 5ஜி என்று இருக்கிறது. எதில் சேர்வது?

அந்த 5ஜி-க்கும் சிம் கார்டின் 5ஜி-க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. மற்றது 2.4 கிகாஹெர்ட்ஸ். 2.4 தூரம் போகும், சுவரைக் கொஞ்சம் தாண்டும், ஆனால் வேகம் குறைவு. பக்கத்து வீடுகளின் இரைச்சலும் அதில்தான் அதிகம். 5 வேகமானது, ஆனால் இரண்டு சுவர் குறுக்கே வந்தால் சோர்ந்துவிடும். பெட்டி இருக்கும் அறையிலோ அடுத்த அறையிலோ உட்காருகிறவர்கள் 5-இல் சேருங்கள். கொல்லைப்புறம், மாடி என்றால் 2.4.

சிக்கல், இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் வீடுகளில்தான் வருகிறது. லேப்டாப் தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். பல சமயம் தப்பானதை. எதில் இருக்கிறது என்று பார்க்க, செட்டிங்ஸ் திறந்து, நெட்வொர்க் பகுதியில் உங்கள் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸுக்குப் போங்கள். லிங்க் ஸ்பீடு (பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் இடையிலான வேகம், மெகாபிட்டில்), நெட்வொர்க் பேண்ட் (எந்த அலைவரிசை) என்று இரண்டு வரி இருக்கும். கடைக்கு வரும் லேப்டாப்பில் நான் முதலில் பார்ப்பது அந்த லிங்க் ஸ்பீடைத்தான்.

அதில் 72 என்று இருந்தால், 2.4-இல் ஒரே ஒரு ஆன்டெனாவை வைத்து ஓடுகிறது என்று அர்த்தம். நிஜத்தில் கைக்கு வருவது அதில் பாதி அளவுதான், 35, 40. 144 என்றால் அதே 2.4, இரண்டு ஆன்டெனா. 433 அல்லது 866 என்றால் 5-இல் நன்றாக நிற்கிறது. விலை குறைந்த லேப்டாப்புகள் சிலவற்றில் ஒரே ஆன்டெனாதான் வைக்கிறார்கள். வாங்கும்போது பிராசஸரையும் ரேமையும் கேட்கிறோம், இதை யாரும் கேட்பதில்லை.

54 என்று காட்டினால் விஷயம் வேறு. பழைய ரவுட்டரில் பாதுகாப்பு முறை டிகேஐபி என்றோ டபிள்யூஇபி (WEP) என்றோ இருக்கலாம். அந்தப் பழைய பூட்டைப் போட்டால் புது வைஃபை வேகங்கள் எதுவும் கிடைக்காது; எவ்வளவு புது லேப்டாப்பாக இருந்தாலும் 54-க்கு இறங்கிவிடும். ரவுட்டர் செட்டிங்கில் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றுங்கள். இரண்டு நிமிட வேலை.

லேப்டாப்பை 5-இலேயே நிறுத்த வேண்டுமானால், ரவுட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைப்பதுதான் சுலபம். சில வைஃபை கார்டுகளில் (லேப்டாப்புக்குள் வைஃபையைப் பிடிக்கும் பாகம்), ஸ்டார்ட் மெனுவில் தேடினால் வரும் டிவைஸ் மேனேஜரின் அட்வான்ஸ்டு பகுதியில் ‘ப்ரிஃபர்டு பேண்ட்’ என்று ஒரு வசதியும் உண்டு.

பழைய வீடு. கூடத்தில் நன்றாக வருகிறது, உள் அறையில் ஒரு கோடுதான். என்ன செய்வது?

கும்பகோணம் பக்கம் ஓர் அக்ரகார வீட்டுக்குப் போயிருந்தேன். மாமி போனில் சொன்னது, “பேரன் லேப்டாப் ரிப்பேர்.” போய்ப் பார்த்தால், ரேழியைத் தாண்டிக் கூடத்து மூலையில் ஒரு இரும்பு பீரோ. பீரோவின் தலையில் இணைப்புக்காரர் பெட்டியை வைத்திருந்தார். அதன்மேல் தூசி படியக் கூடாதென்று மாமி ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார். பக்கத்துச் சுவரில் கண்ணாடி போட்ட பெரிய தஞ்சாவூர் ஓவியம், கிருஷ்ணர், தங்க ரேக்கு ஒட்டியது. பேரன் உட்காருவது சுவருக்கு அந்தப் பக்கம். சுவர் ஒன்றரை அடி, செங்கல்லும் சுண்ணாம்பும்.

வைஃபை அலை உலோகத்தைத் தாண்டாது. கனத்த சுவரில் வலுவிழக்கும். தண்ணீரும் அதை உறிஞ்சும், அதனால் தண்ணீர் டிரம், மாடித் தொட்டி பக்கத்திலும் வைக்கக் கூடாது. அந்த வீட்டில் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான்: தாம்பாளத்தை எடுத்து மாமியிடம் கொடுத்துவிட்டு, பெட்டியை முற்றத்தைப் பார்த்த தூணில், ஆள் உயரத்துக்கு மாட்டினேன். முற்றம் திறந்த வெளி. அங்கிருந்து நாலு பக்கமும் அறைக் கதவுகள் வழியாக அலை போய்விடும். பேரனின் லேப்டாப்பில் லிங்க் ஸ்பீடு 26-இலிருந்து 300-க்கு மேல் ஏறியது. அந்தக் காலத்தில் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் முற்றம் வைத்தார்கள், இப்போது வைஃபைக்கும் உதவுகிறது.

காங்கிரீட் மாடி வீடு என்றால் தளத்தில் உள்ள கம்பிதான் எதிரி. மாடிப்படிக்கு நேராகப் பெட்டி இருந்தால் ஓரளவு தப்பிக்கலாம்.

இணைப்புக் கொடுக்க வருகிறவர், ஒயர் எங்கே நுழைகிறதோ அங்கேயே பெட்டியை வைத்துவிட்டுப் போய்விடுவார். அது அவருடைய வசதி. உள்ளே பத்து மீட்டர் ஒயர் கூடுதலாக இழுக்கச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள்.

பகலில் பறக்கிறது, ராத்திரி எட்டு மணிக்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. ஏன்?

இரண்டு காரணம் உண்டு. ஒன்று, பக்கத்து வீடுகளின் வைஃபை. 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. தெருவில் எல்லாரும் 6-இல் இருந்தால் எல்லாரும் ஒரே வாய்க்காலில் மடை வெட்டின கதைதான். வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போனில் போட்டுப் பார்த்து, கூட்டம் குறைந்த சேனலுக்கு ரவுட்டரை மாற்றுங்கள். 3, 4 என்று நடுவில் போட்டுப் புத்திசாலித்தனம் காட்ட வேண்டாம், இரண்டு பக்கத்து இரைச்சலும் வந்து சேரும்.

இன்னொன்று தெருவுக்கு வரும் ஃபைபர். நம் வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் ஜிபான் என்ற முறை. ஒரே ஃபைபரில் சுமார் 2.5 கிகாபிட் வந்து, அது 32 வீடு, 64 வீடு என்று பிரிகிறது. அதற்கு மேலே இணைப்புக்காரர் வாங்கும் மொத்த அளவும் உண்டு. அதைக் குறைத்து வாங்கியிருந்தால் எல்லாரும் சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்கும் நேரத்தில் தெரிந்துவிடும். இங்கே முறைப்பாசனம் எதுவும் கிடையாது. ஒயரில் செருகி ராத்திரி ஒன்பதுக்கு ஒரு முறை, காலை ஆறுக்கு ஒரு முறை வேகம் பார்த்து எழுதி வையுங்கள். தேதியோடு நாலு நாள் கணக்கைக் காட்டினால் பேச்சே மாறும்.

மழை, காற்று என்றால் நெட் போய்விடுகிறது.

ஃபைபருக்குள் ஓடுவது வெளிச்சம். மழையில் நனைந்தால் அதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் மரத்திலும் கம்பத்திலும் கட்டித் தொங்கும் ஒயரின்மேல் தென்னை மட்டை விழுந்தால் மடங்கும், இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் போனால் தகராறு. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியபோது மரமும் கம்பமும் சாய்ந்து கிடந்ததை யாரும் மறக்கவில்லை. பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளிச்சமே வந்து சேரவில்லை. லேப்டாப்பில் என்ன செய்தும் பயன் இல்லை, இணைப்புக்காரரைக் கூப்பிடுங்கள்.

அந்தச் சிவப்பு விளக்கு எரியாமல் இருந்தும் கரண்ட் வந்து போன பிறகு மக்கர் செய்தால், பெட்டியை அணைத்து அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுகின்றன. அதற்கென்றே கையடக்கமான யூபிஎஸ் விற்கிறது. அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் நான் வாங்கச் சொல்லும் முதல் பொருள் அதுதான். வோல்ட்டும் ஆம்பியரும் பெட்டியோடு பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பை மூடித் திறந்தால் வைஃபையே காணோம். சில சமயம் தானாகவே கட் ஆகி மறுபடி வருகிறது.

இதற்குத்தான் லேப்டாப்பைக் குற்றம் சொல்லலாம். பேட்டரியை மிச்சப்படுத்த விண்டோஸ் வைஃபை கார்டைத் தூங்க வைக்கும். சில கார்டுகள் எழுந்திருக்க அடம் பிடிக்கும். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸைத் திறந்து, வைஃபை கார்டின் மேல் இரண்டு முறை தட்டி, பவர் மேனேஜ்மெண்ட் பகுதியில் ‘மின்சாரத்தைச் சேமிக்க இதை அணைக்கலாம்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். ஆரம்பத்தில் சொன்ன டிக் இதுதான். சில புது லேப்டாப்புகளில் அந்தப் பகுதியே தெரியாது. அப்போது டிரைவரைப் பாருங்கள்.

டிரைவர் என்பது கார்டை ஓட்டும் மென்பொருள். தொழிற்சாலையில் ஏற்றி, அட்டைப் பெட்டிக்குள் மாதக்கணக்கில் கிடந்தது பழசாக இருக்கும். லேப்டாப் கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து எடுங்கள். ‘டிரைவர் இலவசம்’ என்று விளம்பரத்தில் வரும் மென்பொருள்கள் பக்கம் போகவே போகாதீர்கள். அதைப் போட்டுக் கெடுத்துக்கொண்டு வந்த லேப்டாப்புகளைச் சரிசெய்தே எனக்கு ஒரு வருமானம் வருகிறது.

இன்னொன்று: ஷட் டவுன் செய்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, சீக்கிரம் எழுந்திருக்கப் பாதியை நினைவில் வைத்துக்கொள்ளும். முழுதாகப் புதிதாய்த் தொடங்க வேண்டுமானால் ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். பட்டியலில் வைஃபையே இல்லை என்றால், விமானப் படம் போட்ட சாவியைத் தெரியாமல் அழுத்தியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

வாங்கி மூன்று நாள்தான் ஆகிறது. எங்கள் கிராமத்தில் ஃபைபர் இல்லை, போன் ஹாட்ஸ்பாட்தான். காலையில் போட்டால் பத்து மணிக்குள் டேட்டா தீர்ந்துவிடுகிறது.

புது லேப்டாப் முதல் வாரம் முழுக்கச் சாப்பிடும். விண்டோஸ் அப்டேட், ஆபீஸ் அப்டேட், ஆன்டிவைரஸ், படங்களை ஒன்டிரைவில் ஏற்றுவது என்று பின்னால் நடந்துகொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி திட்டம் அதற்கு ஒரு வாய்ச் சோறு. அளவு தீர்ந்ததும் பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அதில் ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டம்ளர் காபி குடித்து முடிக்கலாம்.

ஹாட்ஸ்பாட்டின் ப்ராப்பர்ட்டீஸில் ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்பதைப் போடுங்கள். பெரிய அப்டேட்டுகள் பெரும்பாலும் காத்திருக்கும். பாதுகாப்பு அப்டேட்டை ஒரேயடியாக நிறுத்திவிடாமல், வாரம் ஒரு முறை நல்ல வைஃபை கிடைக்கும் இடத்தில் விட்டு முடித்துக்கொள்ளுங்கள். யார் தின்கிறார்கள் என்று பார்க்க டாஸ்க் மேனேஜரில் நெட்வொர்க் என்ற தலைப்பைத் தட்டினால் அதிகம் இழுப்பது மேலே வரும். போனை ஜன்னலோரம் வையுங்கள். அல்லது போனின் நெட்டை யூஎஸ்பி ஒயரிலேயே லேப்டாப்புக்குக் கொடுங்கள் (டெதரிங் என்பது அதுதான்), வைஃபை தொல்லையே இருக்காது.

வெளி ஹார்டு டிஸ்க் செருகினால் வைஃபை குறைகிறது. மனப்பிரமையா?

இல்லை. யூஎஸ்பி 3 கருவிகளும் ஒயர்களும் 2.4 பக்கம் இரைச்சல் கிளப்பும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசையில்தான் ஓடுகிறது, ப்ளூடூத்தும் அங்கேதான். 5-க்கு மாறினால் மூன்றும் ஒரே அடியில் தீரும்.

ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் வாங்கலாமா?

கடைக்காரனாக வாங்குங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் சாதாரண எக்ஸ்டெண்டர் ஒரே அலைவரிசையில் கேட்டு, அதிலேயே திருப்பிச் சொல்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதைவிட கேட் 6 லேன் ஒயரை மாடி வரை இழுத்து, அங்கே பழைய ரவுட்டர் ஒன்றை ஆக்சஸ் பாயிண்டாக (ஒயரில் வருவதை வைஃபையாகப் பரப்பும் பெட்டியாக) போடுவது எவ்வளவோ மேல். 100 மீட்டர் வரை அந்த ஒயர் தாராளமாகத் தாங்கும். எந்த வீடும் அதைவிட நீளம் இல்லை. எக்ஸ்டெண்டர்தான் வேண்டும் என்றால் சிக்னல் செத்த இடத்தில் மாட்டாதீர்கள். காய்ந்த வாய்க்காலில் மோட்டார் போட்டு என்ன வரும்? சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில் மாட்ட வேண்டும்.

எல்லாம் செய்துவிட்டேன். பெட்டிக்கு எதிரிலேயே உட்கார்ந்தும் தடுமாறுகிறது.

வேறு இரண்டு கருவிகள் அதே இடத்தில் அதே அலைவரிசையில் நன்றாக இருந்து, உங்கள் லேப்டாப் வேறொரு வீட்டு வைஃபையிலும் தடுமாறினால், இப்போது சந்தேகப்படலாம். செட்டிங்ஸில் நெட்வொர்க் ரீசெட் என்று ஒன்று இருக்கிறது, கடைசியாக அதைச் செய்து பாருங்கள். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் எல்லாம் போய்விடும், முன்னாடியே எழுதி வையுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் உள்ளே ஆன்டெனா ஒயர் கழன்றிருக்கலாம், கார்டே பழுதாக இருக்கலாம். வாரண்டி இருக்கும்போது யாரையும் திறக்க விடாதீர்கள், என்னையும் சேர்த்து. திருப்பிக் கொடுக்கும் நாட்கள் மிச்சம் இருந்தால் மாற்றி வாங்கிவிடுங்கள்.

வாரண்டி முடிந்த லேப்டாப் என்றால் யூஎஸ்பியில் செருகும் வைஃபை அடாப்டர் போதும், 5 கிகாஹெர்ட்ஸ் பிடிப்பதாகப் பார்த்து வாங்குங்கள். கோளாறு இணைப்பில் என்றால் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். விற்றவரோ இணைப்புக் கொடுத்தவரோ காது கொடுக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

கடைக்கு வருவதானால் சார்ஜர், பில், பெட்டியின் அடியில் உள்ள சீட்டைப் போனில் எடுத்த படம், இந்த மூன்றும் போதும். பெட்டியைக் கழற்றிக்கொண்டு வர வேண்டாம். போன வாரம் ஒரு தம்பி ஃபைபர் ஒயரைக் கத்தரியால் வெட்டிப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். லேப்டாப்பை ஐந்து நிமிடத்தில் சரிசெய்து கொடுத்தேன். ஒயரை ஒட்ட ஆள் வர மூன்று நாள் ஆயிற்று.